டாக்டரம்மா சோசேஜ்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து என் தங்கை செல்வி போன் செய்தாள். நலம் விசாரிப்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, இங்க ஒரு கடையில பாக்கெட்டுல கறி வந்திருக்கு. குச்சி குச்சியா இருக்கு. உங்க ஊர்ல எல்லாரும் அதத்தான் திங்கிறாங்களாமே? உடம்புக்கு நல்லதா? பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா? அத்தான்கிட்ட கேட்டுச் சொல்லு."

அத்தான் என்றால் என் வீட்டுக்காரர். டாக்டர். பக்கத்து நாற்காலியில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரிசீவரை அவர் கையில் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான், "லைன் சரியில்லடி, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வி சொன்ன குச்சிக்கு இங்கே பெயர் சோசேஜ். பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கறியை விழுதாக அரைத்து, கொழுப்பு, மாவு, உப்பு, கெடாமலிருக்க ஏதோ மருந்து எல்லாம் சேர்த்து, விரல் தடிமனில் வார்த்து, வேகவைத்துப் பாக்கெட்டில் அடைத்து, கல் மாதிரி உறையவைத்து விற்கிறார்கள். இளஞ்சிவப்பாக இருக்கும். எலும்பு கிடையாது, தோல் கிடையாது, உண்மையைச் சொன்னால் கோழி என்பதற்கான அடையாளமே கிடையாது. எண்ணெயில் போட்டுப் புரட்டினால் தீர்ந்தது வேலை. பிள்ளைகள் பறந்து வருவார்கள்.

கறியைப் பதப்படுத்தித் தின்பது நம் ஊரில் இல்லாததா என்று கேட்கலாம். இருக்கிறதே. ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து அம்மா உப்புக்கண்டம் போடுவார். காக்காய் விரட்டும் உத்தியோகம் எனக்கும் செல்விக்கும். போன வருஷம் இங்கே வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்ததும் என் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டுச் சீனம்மா என்ன நினைப்பாளோ என்று நானும் ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்கே அது குப்பைக்குப் போயிற்று. அம்மாவிடம் போனில், "பிரமாதம்மா, ஒரு துண்டு மிச்சமில்ல" என்று அளந்தேன். எழுதும்போதே காது சுடுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது இதை அல்ல, இதைவிட மோசமானதை.

2

நாங்கள் மலேசியாவுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அவருக்கு அரசாங்கத்தில் ஒப்பந்த வேலை. முதலில் கொஞ்ச காலம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். கீழே இறங்கினால் மல்லிகைப்பூ, முறுக்கு, தமிழ்ப் பத்திரிகை. ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. பிறகு கிள்ளானுக்கு மாற்றினார்கள். தாமான் என்று இங்கே சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் கார், பின்னால் துணிக்கொடி, நடுவில் நான்.

வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு முறை கவுன்டரில் இருந்த மலாய்க்காரர் என்னைப் பார்த்து என்ன வேலை என்று மலாயில் கேட்டார். இல்லத்தரசி என்பதற்கு 'சூரி ருமா' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் குழறி, 'ருமா சாக்கிட்' என்று வந்துவிட்டது. அப்படியென்றால் ஆஸ்பத்திரி! அவர் புருவத்தைத் தூக்கி, "நர்ஸ்?" என்றார். "நோ, நோ, ஒய்ஃப், டாக்டர்ஸ் ஒய்ஃப்" என்று கையை ஆட்டினேன். அவர் சிரித்தார், வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். டொக்கென்று முத்திரை விழுந்தது. சார்ந்து வாழ்பவர், வேலை செய்ய அனுமதி இல்லை.

இத்தனைக்கும் நான் மனையியல் பட்டதாரி. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உணவும் ஊட்டமும் பாடம் எடுத்தவள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரும்பலகையில் உணவு அட்டவணை போட்டு, "நாக்குக்கு உப்புத் தெரியாத பண்டத்துலயும் உப்பு இருக்கும்டீ, ஏமாந்துடாதீங்க" என்று பிள்ளைகளை மிரட்டியவள். இந்த நாட்டில் எனக்கு அந்தப் பெயரெல்லாம் கிடையாது. 'டாக்டரம்மா' என்ற ஒரு பதவிதான். அதுவும் அவர் போட்ட பிச்சை. ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்குத் தலை ஒரு சுற்றுப் பெருத்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சோசேஜ் எங்கள் வீட்டுக்குள் வந்தது பிள்ளைகள் வழியாக. நித்யாவுக்கும் அருணுக்கும் விடிவதற்கு முன்பே பள்ளிக்கூட வேன் வந்துவிடும். இட்லியும் பொடியும் வைத்து அனுப்புவேன். டப்பா போன மாதிரியே திரும்பி வரும். ஒருநாள் அருண் ஆங்கிலம் பாதி, தமிழ் பாதியாக, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வும் சேர்த்துச் சொன்னான்: "மம்மி, பிளீஸ் லா, இது வேணாம். ஸ்மெல் வருதுன்னு சொல்றாங்க. எல்லாரும் சோசேஜ் கொண்டு வர்றாங்க." மதுரையில் பிறந்த பிள்ளை, இட்லிக்கு வாசனை அடிக்கிறது என்கிறான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதல்முதலில் வாங்கப் போனபோது பாக்கெட்டில் மாடா கோழியா என்று தெரியவில்லை. கடைப்பெண்ணிடம் இரண்டு கையையும் மடக்கி அடித்துக் கொக்கரித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "ஆயாம், காக்" என்றாள். கோழிதான் அக்கா என்று அர்த்தம். அன்று ஒரு பாக்கெட். அப்புறம் வாரம் ஒன்று. அப்புறம் ஃப்ரீசரைத் திறந்தால் அதுதான். அரிசி ஊறப்போட வேண்டாம், மாவாட்ட வேண்டாம், சட்னி அரைக்க வேண்டாம். பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி பொய். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாமே என்பதுதான் மீதி. வீட்டுக்காரரும் கிளினிக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டிக்குள் இரண்டைச் சுருட்டி, நின்றபடியே முழுங்கிவிட்டுப் போவார்.

3

லெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிள்ளானுக்கு வந்த புதிதில் பஸ் நிலையத்தில் எந்தப் பஸ் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கொரு பக்கம் பிள்ளைகள். நல்ல ஆகிருதியான ஓர் அம்மா, நெற்றி நிறையத் திருநீறு, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஊர்லேர்ந்து வந்தவங்களா? எங்கம்மா போவணும்?"

சொன்னேன். தாம் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு எங்களோடு ஏறி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். போகும்போது, "பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கே காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதற்கு அதுதான் பேச்சு. எனக்கு அது தெரியாதா, ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்களுக்கென்னங்க பசி, அதெல்லாம் வசதியாத்தான் இருக்கோம்" என்று வெடுக்கென்று சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

அக்கா இருப்பது கிள்ளானுக்கு வடக்கே, மேருவில். வீட்டுக்காரர் முனியாண்டி லோரி ஓட்டுகிறார். அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாசாரில், அதாவது சந்தையில், எந்த மீன்காரன் ஏமாற்றுவான், எந்தக் கீரை எந்த நாளில் வரும், எந்தக் கோயிலில் எப்போது அன்னதானம் என்று எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். என் வீட்டுக்காரர் டாக்டர் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என் டாக்டரம்மா" என்று பாசார் முழுக்க அறிமுகம் செய்துவைப்பார். நானும் கூச்சப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் அக்காவுக்கு உடம்பு படுத்தியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. என் வீட்டுக்காரரின் கிளினிக்குக்குத்தான் வந்தார். ரத்தக்கொதிப்பு, இருதயமும் பலவீனம். "உப்புதான்க்கா உங்களுக்கு எமன். கருவாட்ட இன்னையோட மறந்துடணும்" என்று இவர் சொல்லிவிட்டார்.

கருவாடு இல்லாமல் அக்காவுக்குச் சோறு இறங்காது. பொரித்த கருவாடு ஒரு துண்டு இருந்தால் போதும், வேறு குழம்பே வேண்டாம். ஆனால் டாக்டர் சொன்னதும், வீட்டிலிருந்த கருவாட்டை டின்னோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். "டாக்டரு சொல்லிட்டாரு, முடிஞ்சிபோச்சு லா" என்றார் என்னிடம். கொஞ்சம் கண் கலங்கியிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். உறைய வைத்த சாமான்கள் இருக்கும் வரிசை. என் தள்ளுவண்டியில் சோசேஜ் பாக்கெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. டின்னில் அடைத்த கோழிக்கறி. ரொட்டி, சாஸ், உருளைக்கிழங்கு வறுவல். கண்ணுக்குப் பச்சையாக ஒரு கொத்தமல்லிகூட இல்லை.

"டாக்டரம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க. கருவாடு இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது. நீங்கள்லாம் வீட்ல என்னா சாப்பிடறீங்க?" என்றவர் என் வண்டிக்குள் குனிந்து பார்த்தார். கர்ப்பக்கிரகத்துக்குள் எட்டிப் பார்க்கிற பார்வை அது. ஒரு பாக்கெட்டை எடுத்தார். "இது நல்லதா டாக்டரம்மா?"

'இல்லக்கா, சோம்பேறித்தனத்துக்கு வாங்குறேன், இதுலயும் உப்புதான்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய பதில். ஆனால் டாக்டர் வீட்டு வண்டியில் கீரை இல்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கூசியது. அந்தக் கூச்சத்தை மறைக்க வாய் முந்திக்கொண்டது.

"சுத்தமான கோழிக்கறிக்கா. புரதச்சத்து. எல்லாம் மெஷின்ல செய்றது, கையே படாது. கருவாடு மாதிரி உப்புப் பூத்துக்கிட்டா இருக்கு? டாக்டரே காலையில இதத்தான் சாப்பிடுறாரு."

கடைசி வாக்கியம் மட்டும் நிஜம். அதுதான் அவரை வீழ்த்தியது. "டாக்டரேவா!" என்று வாயைப் பிளந்து, இரண்டு பாக்கெட்டை எடுத்துத் தம் கூடையில் வைத்துக்கொண்டார். மனையியல் பட்டதாரி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

4

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரர் எரிச்சலாக இருந்தார்.

"உன் சிநேகிதி இருக்கே, அந்த லெட்சுமியம்மா, வாய் கூசாம பொய் சொல்லுது. கால் தூண் மாதிரி வீங்கியிருக்கு. மாத்திரையக் கூட்டிக் கூட்டிப் பார்க்குறேன், கேக்க மாட்டேங்குது. கருவாடு திங்கிறீங்களான்னா, மாரியாத்தா மேல சத்தியம், தொடலங்குது. இன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல, கருவாடு திங்கிறவங்க என்கிட்ட வர வேணாம், அங்கயே கெடந்து தின்னுங்கன்னு சொல்லிட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"வெளியில வரிசை நின்னுச்சு. கேட்டிருக்கும். கேக்கட்டும்."

 "வேற எதுலயாவது உப்பு இருக்குமோ?" என்று இழுத்தேன்.

"வேற எதுல இருக்கப்போவுது? இந்த ஜனங்களுக்குக் கருவாடு இல்லாம முடியாது."

இந்த ஜனங்கள்! வெள்ளிக்கிழமை தவிர வாரம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணக்கிற தெருவில் பிறந்தவர் அவர். நான் பிறந்தது அடுத்த தெரு. அதைச் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அன்று எனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டால், தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன். அதற்கு என்ன பெயரோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

5

இங்கே தீபாவளி என்றால் வீட்டைத் திறந்து வைத்துவிடுவார்கள். தெரிந்தவர், தெரியாதவர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். லெட்சுமி அக்கா கூப்பிட்டிருந்தார். அத்தனை திட்டு வாங்கியும் "டாக்டரையும் கூட்டிக்கிட்டு வரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரிய மனசு. வீட்டுக்காரர் போகத் தயங்கினார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். என் வினையை நானே காரில் ஏற்றிக்கொண்டு போன கதை.

வாசலில் கோலம், உள்ளே கேசட் பாட்டு. அக்கா பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் ஒரு முக்காலியின் மேல். கொலுசு வீக்கத்துக்குள் புதைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க வாங்க, என் டாக்டரம்மா வந்துட்டாங்க! மருமவளே, தட்டு கொண்டா!"

மேசையில் ஆட்டுக்கறி, கோழி, தயிர்ச்சோறு, முறுக்கு. நட்டநடுவில் ஒரு பெரிய அண்டா. சிவப்பாக மிளகாய்ச் சம்பல், அதில் வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்ட சோசேஜ். 

"இதுக்குப் பேரு என்னா தெரியுமா?" என்று அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "டாக்டரம்மா சோசேஜ்! இந்த வரிசையில எல்லா வீட்லயும் இதான் இப்ப. நான்தான் சொல்லிக்குடுத்தேன். புள்ளைங்களுக்கு, வயசானவங்களுக்கு, எல்லாருக்கும் நல்லதுன்னு."

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு சீனத் தாத்தா இரண்டாவது முறை போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "டாக்டரு, நீங்க ஏசினீங்கன்னு நான் கோவிச்சுக்கல. ஆனா நல்ல நாள் அதுவுமா சொல்றேன், கருவாட்ட நான் மோந்துகூடப் பாக்கல. டாக்டரம்மா கடையில சொன்ன நாள்லேர்ந்து இதான் எனக்கு. காலைல ரெண்டு, சோத்துக்கு ரெண்டு. கருவாடு மாரி உப்பு இல்ல, டாக்டரே இதான் சாப்பிடறாருன்னு சொன்னாங்க. இல்லீங்களா டாக்டரம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மனுஷி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பொய்க்காரி என்று ஊரறியச் சொன்னவர் கையில் தட்டோடு நிற்கிறார். 

"ஆமாக்கா" என்றேன். 

அவர் தட்டிலிருந்த ஒரு வட்டத்தை வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். பிறகு, "அக்கா, நாளைக்குக் காலையில கிளினிக் வாங்க. வரிசையில நிக்க வேணாம், நேரா உள்ள வாங்க" என்றார். அதற்குள் என் மகன் அண்டாவுக்குப் பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். "ஆன்டி, இன்னும் கொஞ்சம்?"

"சாப்பிடு ராஜா, உங்கம்மா சோசேஜ்தானே!" என்றார் அக்கா.

6

 வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைகூட மாற்றாமல் ஃப்ரீசரைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"உப்பு. அப்புறம் சோடியம் அது, சோடியம் இது. ஒரே உப்பு வேற வேற பேர்ல நிக்குது." பாக்கெட்டை மேசையில் வைத்தார். "நீ மனையியல் படிச்சவதானே?"

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அழுகை வரும்போது முதலில் வருவது கோபம். "நீங்க டாக்டர்தானே? தினம் ரெண்டு ரெண்டா முழுங்கினீங்களே, நாக்குல உப்புத் தெரியலையா?" என்றேன்.

 நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தெரியல" என்றார் கடைசியில். "கருவாடுன்னா உப்புன்னு தோணுது. இது பாக்கெட்டுல, பளபளன்னு, கடையில ஏசிக்குள்ள இருக்குறதுனால தோணவே இல்ல."

பிறகு நான் கேட்டேன், இதே செல்வியின் கேள்வியைத்தான். அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும்போது செல்விக்கும் பதில் கிடைத்துவிடும். நல்ல ஆரோக்கியமான உடம்புக்காரர்கள், சோறு, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள், எப்போதாவது ஆசைக்கு ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தினசரிச் சாப்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்த ருசியைப் பழக்காமல் இருப்பது நல்லது. ரத்தக்கொதிப்பு, இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. உப்புக்கண்டத்துக்கும் கருவாட்டுக்கும் இதே சட்டம்தான். இதைச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

மறுநாள் கிளினிக்கில் அதே மாதிரி வரிசை நிற்கும்போது, அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எழுந்து நின்று, "அக்கா, நான் தப்பாப் பேசிட்டேன், நீங்க பொய் சொல்லல. மன்னிச்சிருங்க" என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, சோசேஜை விடச் சொல்லியிருக்கிறார். நான் கடையில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்க வீட்லயும் தெரியாமத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். நான் செய்ய வேண்டியதை மட்டும் எனக்கு மிச்சம் வைத்திருந்தார். "நீயா போய் அவங்ககிட்ட பேசு" என்றார்.

போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். 'எனக்குத் தெரியும்க்கா. கௌரவத்துக்காகச் சொன்னேன். உங்க காலு வீங்கினதுக்கு நான்தான் காரணம்.' வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"டாக்டரு போய் என்கிட்ட மன்னிப்பு கேக்கலாமா, சொல்லுங்க! எனக்கு உசுரே போய்டுச்சு. பாவம் லா, அவருக்கு என்னா தெரியும், உங்களுக்குத்தான் என்னா தெரியும்? இந்த பாக்கெட்டுக்காரனுங்க நல்லா ஏமாத்திட்டானுங்க நம்மள."

'நம்மள' என்றார். அவரும் நானும் ஒரே பக்கமாம். என் ஒத்திகையெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று.

"ஆமாக்கா" என்றேன். எனக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே பதில்.

"புள்ளைங்க பாவம். நீங்களும் நிறுத்திட்டீங்கதானே?"

"நிறுத்தியாச்சுக்கா. எங்க வீட்டுக்குள்ள இனிமே அது நுழையாது."

அக்கா என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "நீங்க சொன்னா சரிதான். நான் இந்த வரிசை முழுக்கச் சொல்லிடறேன்." அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. முழுசும் குடித்தேன்.

நிறுத்தவும் நிறுத்தினேன். பாதி ராத்திரிக்கே எழுந்த மாதிரி எழுந்து இட்லி ஊற்றினேன், தோசை சுட்டேன், சப்பாத்தி உருட்டினேன். டப்பாக்கள் நிறைந்தபடியே திரும்பி வந்தன. நித்யா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அருண் பள்ளிக்கூட வாசலில் இருக்கிற பர்கர் கடையில் தின்றுவிட்டு வருகிறான் என்று தெரிந்தது. சரி, சனிக்கிழமை மட்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். சனிக்கிழமை மெல்ல வெள்ளிக்கிழமைக்கும் பரவியது. அவருக்கும் தெரியும். அவர் மட்டும் தொடுவதில்லை.

7

செல்வி போன் செய்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அதே சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அதே வரிசை. ஒரு பாக்கெட்டை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டேன். கை பழகிவிட்டது, கண்ணுக்கு வேலையில்லை. காய்கறிப் பக்கம் போய்க் கங்கோங் கீரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா!"

வரிசையின் அந்தக் கோடியில் லெட்சுமி அக்கா. நடந்து வந்தார். நிற்காமல், எதையும் பிடிக்காமல் நடந்து வந்தார். மூச்சு வாங்கவில்லை. கொலுசு வெளியே தெரிந்தது, கணுக்காலில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முழுசாக வந்து சேர்வதற்குள் என் கை தானாகப் போய்க் கங்கோங் கட்டுகளை எடுத்து அந்தப் பாக்கெட்டின் மேல் பரப்பிவிட்டது.

அக்கா வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் வண்டிக்குள்தான் குனிந்து பார்த்தார். அதே பார்வை.

"கீரையா டாக்டரம்மா?"

"கீரைதான்க்கா."

"வேற ஒண்ணும் வாங்கலியா?"

"இல்லக்கா."

"அப்ப நானும் கீரையே வாங்கிக்கறேன்" என்றார். என் வண்டியில் இருந்த அளவுக்கே பார்த்துப் பார்த்து, கட்டுக் கட்டாகத் தம் கூடையில் எடுத்து வைத்தார். எடுத்து முடித்ததும் போகவில்லை. மருமகளைப் பற்றி, முனியாண்டி அண்ணனின் லோரியைப் பற்றி, வீக்கம் வடிந்ததைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே நின்றார். நான் கீரையின் மேல் கையை வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து பாக்கெட்டின் குளிர் இலைகளைத் தாண்டி ஏறி விரல்கள் மரத்துவிட்டன. கையை எடுத்தால் கீரை சரிந்து பாக்கெட் தெரிந்துவிடும்.